பூனையின் வெயில் கணக்கு

பங்குனி மாதம். காலை ஏழரை மணி. முற்றத்துத் தரை இன்னும் சில்லென்று இருக்கிறது. புதிதாகத் துளிர்த்த வேப்பமரம் ஒரு பக்கம் நிழல் போட்டிருக்கிறது. எதிர்வீட்டுச் சுவர் இன்னொரு பக்கம் நிழல் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்திருக்கிறது. அந்த இடத்தை முதலில் கண்டுபிடிப்பது யார்? பல் துலக்க வந்த நீங்களா? கோலம் போட்டு முடித்த அம்மாவா? இரண்டு பேரும் இல்லை. பூனைதான்.

வந்து சாய்ந்து படுக்கும். முன்னங்கால் இரண்டையும் நீட்டிச் சோம்பல் முறிக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு தூங்கிப்போகும். அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். வெயில் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். பூனையும் சரியாக அங்கேதான் இருக்கும். "இதைவிடச் சோம்பேறி உலகத்தில் உண்டா?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள்.

அந்தப் பழியைத் துடைக்கத்தான் இந்தக் கட்டுரை. பனி விலகிவிட்டது, கத்திரி இன்னும் வரவில்லை. நம் ஊரில் வெயில் இதமாக இருப்பது இந்தச் சில வாரங்கள்தான். பூனையோடு வெளியே போய் உட்காருங்கள். வெப்பம், ஒளி, பூமியின் சுழற்சி என்று ஒரு பாடப் புத்தகமே அதன் பின்னால் நடந்து வருகிறது.

கூரைப் பூனையும் நோபல் பரிசும்

வெயில் காயும் விலங்குகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

நீல்ஸ் ஃபின்சென் 1860இல் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்தில் மருத்துவம் படித்தார். அவருக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகும். ரத்தசோகையும் சோர்வும் படுத்தின. அவர் தங்கியிருந்த வீடு வடக்குப் பார்த்தது. பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருக்கும் அந்த ஊரில் வடக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. கொஞ்சம் வெயில் பட்டால் தேறிவிடுவோமோ என்று அவருக்குத் தோன்றியது. 1888 வாக்கில், சூரியனைத் தேடிப் போகும் விலங்குகளைப் பற்றிக் கிடைத்த செய்திகளையெல்லாம் சேர்க்கத் தொடங்கினார். கூரைமேல் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் தன்னைத் தொடும்போதெல்லாம் எழுந்து வெயிலுக்கு நகர்ந்ததை அவர் பார்த்ததாக ஒரு கதையும் மருத்துவ உலகில் சொல்லப்படுகிறது.

ஒளிக்கு உடம்பின்மேல் என்ன வேலை என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. தோலில் வரும் ஒரு வகைக் காசநோயை, வலுவான விளக்கொளியைக் குவித்துப் பாய்ச்சிக் குணப்படுத்தும் முறையை உருவாக்கினார். முகமெல்லாம் புண்ணாகி வெளியே வரத் தயங்கிய பலருக்கு அது மறுவாழ்வு தந்தது. 1903இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 43 வயதில், இறந்துபோனார். அவருடைய ஒளி முறையின் இடத்தைப் பிற்காலத்தில் மருந்துகள் பிடித்துக்கொண்டன. ஆனாலும் ஒளியால் நோய் தீர்க்கலாம் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அவரே முக்கியக் காரணம்.

மனிதருக்கு ஒளி மருந்தானது சரி. பூனையும் மருந்துக்காகத்தான் வெயிலில் படுக்கிறதா?

வைட்டமின் டி இல்லை!

உங்களில் பலர் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். "வைட்டமின் டிக்காக!" வகுப்பில் படித்ததுதானே? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நம் தோலில் படும்போது, தோலில் இருக்கும் கொழுப்பு போன்ற ஒரு பொருள் வைட்டமின் டியாக மாறத் தொடங்குகிறது. எலும்பு உறுதியாக அந்த வைட்டமின் வேண்டும்.

நல்ல ஊகம்தான். ஆனால் பூனைக்கு இது பொருந்தாது. அதே மூலப்பொருள் பூனையின் தோலிலும் உருவாகிறது. ஆனால் வெயில் அதைத் தொடுவதற்குள், பூனையின் உடம்பில் உள்ள ஒரு நொதி அதைக் கொலஸ்ட்ராலாக மாற்றிவிடுகிறது. வைட்டமின் டி செய்யப் பொருள் மிஞ்சுவதில்லை. நாள் முழுக்க வெயிலில் கிடந்தாலும் பூனையால் தனக்குத் தேவையான அளவை உண்டாக்கிக்கொள்ள முடியாது. நாயின் கதையும் கிட்டத்தட்ட இதுவே.

அப்படியானால் பூனை என்ன செய்யும்? தின்றுதான் பெற வேண்டும். மீனிலும் ஈரலிலும் விலங்குக் கொழுப்பிலும் வைட்டமின் டி இருக்கிறது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னப் பிறந்த விலங்கு. இரையின் உடம்பிலேயே வைட்டமின் தயாராகக் கிடைக்கும்போது, தோலில் தொழிற்சாலை எதற்கு? பூனைக்கு வெறும் பால்சோறு போதாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, வெயிலில் பூனை தேடுவது வைட்டமின் அல்ல. வெப்பம்.

10 வாட் பூனை

நம் உடல் வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். பூனைக்குச் சற்று அதிகம். 38 முதல் 39 டிகிரி வரை. மடியில் பூனை படுத்தால் கதகதப்பாக இருப்பது அதனால்தான்.

நாமும் பூனையும் வெப்ப ரத்த விலங்குகள். வெளியே குளிரோ வெயிலோ, உள்ளே ஒரே வெப்பநிலையைக் காத்துக்கொள்கிறோம். இதற்கு விலை உண்டு. தின்ற உணவை எரித்துத்தான் அந்த வெப்பத்தை உண்டாக்க வேண்டும். பகலில் நீங்கள் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும்பங்கு ஓடி விளையாடுவதற்குப் போவதில்லை. சும்மா உயிரோடு இருப்பதற்கே போகிறது.

4 கிலோ எடையுள்ள பூனை அசையாமல் படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி செலவாகும். நொடிக் கணக்கில் பார்த்தால் அது சுமார் 10 வாட். உங்கள் வீட்டு எல்இடி பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரம் எவ்வளவோ, படுத்திருக்கும் பூனை எரிக்கும் ஆற்றலும் அவ்வளவுதான். சுற்றிலும் குளிர்ந்தால் இந்தச் செலவு கூடும்.

எப்போது குளிர் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். 25 டிகிரி நமக்கு இதம். பூனைக்கு அது கொஞ்சம் குளிர்! உடம்பைச் சூடாக்கவோ ஆற்றவோ தனியாக ஆற்றல் செலவிடாமல் பூனை நிம்மதியாக இருக்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி வரை. பங்குனிக் காலையில் 24, 25 டிகிரிதான் இருக்கும். நீங்கள் "ஆகா, என்ன சுகமான காற்று" என்று சொல்லும் நேரத்தில் பூனையின் உடம்பு கூடுதலாக எரித்துக்கொண்டிருக்கும்.

இப்போது வெயிலைக் கணக்குப் போடுவோம். நண்பகலில், வானம் தெளிவாக இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. காலையில் சூரியன் சாய்வாக இருப்பதால் குறையும். பாதி, 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்து படுத்த பூனை 40 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதாவது 0.08 சதுர மீட்டர். 500ஐ 0.08ஆல் பெருக்குங்கள். 40 வாட்! அதில் ஒரு பகுதி முடியில் பட்டுத் திரும்பிவிடும். மிச்சம் இருப்பதே பூனை தானாக உண்டாக்கும் வெப்பத்தைவிட அதிகம். ஒரு எலியைக்கூடப் பிடிக்காமல் இத்தனை வருமானம்!

பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும் விலங்கு. தூங்கும்போது உடம்பு எரிக்கும் ஆற்றல் குறைகிறது. உடல் வெப்பமும் சற்று இறங்கும். தூங்கும் நேரத்தில் வெளியிலிருந்து வெப்பம் வந்தால் அந்தக் குறை ஈடாகிவிடும். அதனால்தான் வெயிலும் தூக்கமும் பூனைக்கு எப்போதும் சேர்ந்தே வருகின்றன. இதற்குப் பெயர் சோம்பல் அல்ல, சிக்கனம்.

பூனை படுக்கும் விதத்திலும் இந்தச் சிக்கனம் தெரியும். வெப்பம் உடம்பின் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. ஒரே பருமனுள்ள உருவங்களில் மிகக் குறைந்த மேற்பரப்பு கொண்டது உருண்டை. ஆகவே குளிரும்போது பூனை சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொள்ளும். வெப்பம் கூடக் கூட அவிழும். நன்றாகச் சூடேறியதும் வயிற்றைக் காட்டி மல்லாந்துவிடும்.

மணல் நாட்டு மரபு

பூனைக்கு ஏன் இத்தனை வெயில் ஆசை? அதன் முன்னோரைக் கேட்க வேண்டும்.

2007இல், உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 979 வீட்டுப் பூனைகள், காட்டுப் பூனைகளின் மரபணுக்களை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுப் பூனை எல்லாவற்றுக்கும் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்று தெரிந்தது. மணல் நிறத்தில், நீண்ட கால்களோடு, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் பூனை அது. மனிதர் பயிர் செய்து தானியம் சேர்த்தார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில், சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் கல்லறை ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. 2004இல் இதை அறிவித்தபோது உலகமே வியந்தது.

பகலில் கொதிக்கும், இரவில் நடுங்க வைக்கும் நிலத்திலிருந்து வந்த உடம்பு இது. பூனையின் சிறுநீரகம் நீரைக் கறாராகச் சேமிப்பதும், அது அதிகம் தண்ணீர் குடிக்காததும் அந்த மரபின் மிச்சங்கள்.

வெயிலின் பின்னால் சாக்பீஸ்

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது. காலையில் தரையில் விழும் வெயிலின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு முறை இப்படிச் செய்யுங்கள். பூனை இருந்தால் அது படுத்திருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

மூன்று நான்கு கோடுகளுக்குப் பிறகு பாருங்கள். வெயில் ஜன்னலை நோக்கிப் பின்வாங்கியிருக்கும். கட்டமும் சுருங்கியிருக்கும். சூரியன் மேலே ஏற ஏற, கதிர்கள் செங்குத்தாக இறங்குவதுதான் காரணம். உண்மையில் நகர்வது சூரியன் அல்ல, நாம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. மணிக்கு 15 டிகிரி. நீங்கள் அரை மணிக்கு ஒரு முறை போட்ட கோடுகளுக்கு இடையில் பூமி ஏழரை டிகிரி திரும்பியிருக்கிறது. பூனை எழுந்து நான்கு அடி வைத்ததற்குப் பூமியின் சுழற்சியே காரணம்.

அந்தக் கோடுகளை அழித்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, அதே நேரத்தில் மறுபடி போடுங்கள். இடம் மாறியிருக்கும்! மார்ச் 20 அல்லது 21இல் சூரியன் நேர் கிழக்கே உதிக்கிறது. அதன்பிறகு ஜூன் வரை நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து உதிக்கும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் வரும் மாற்றம் இது.

இந்த நகர்வில் நமக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வேடிக்கை உண்டு. வெப்ப மண்டலத்தில் வாழ்கிறோம் அல்லவா? ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும். நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. இதை நிழலில்லா நாள் என்கிறோம். முதலில் கன்னியாகுமரியில், பிறகு மதுரை, திருச்சி என்று வடக்கே நகர்ந்து, ஏப்ரல் 24 வாக்கில் சென்னைக்கு வரும். கோபன்ஹேகன் பூனைக்கு இந்தக் காட்சி ஒருநாளும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: வெயில் விழும் தரையைப் பாருங்கள், நிழலைப் பாருங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது.

இரவுக்குச் செய்த கண்

வெயிலில் படுக்கும் பூனைக்கு ஒரு சிக்கல் உண்டு. அதன் கண் அந்தி இருட்டில் வேட்டையாடுவதற்காக அமைந்தது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. விழித்திரை முதல் முறை தவறவிட்ட ஒளி, அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறது. இரவில் வண்டி வெளிச்சத்தில் பூனைக் கண் பளீரென்று மின்னுவது இதனால்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர் 1934இல் சாலைகளில் பதிக்கும் ஒளிரும் குமிழுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் வைத்த பெயர் பூனைக்கண். நெடுஞ்சாலையில் இன்றும் நடுக்கோட்டில் அந்த வகைக் குமிழ்கள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவு கூர்மையான கண்ணைப் பட்டப்பகல் வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது? கண்பாவையைச் சுருக்கித்தான். நம் கண்பாவை வட்டம். மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியதாகும்போது அதன் பரப்பு ஏறத்தாழ 15 மடங்கு கூடுகிறது. பூனையின் செங்குத்துப் பிளவு போன்ற கண்பாவையோ 135 மடங்கு கூடுகிறது!

அது ஏன் செங்குத்தாக இருக்க வேண்டும்? 2015இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 214 தரைவாழ் விலங்குகளின் கண்பாவைகளை ஒப்பிட்டார்கள். பதுங்கியிருந்து பாயும், தரைக்கு அருகே கண் உள்ள வேட்டை விலங்குகளுக்கே செங்குத்துக் கண்பாவை அதிகம் என்று கண்டார்கள். இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று துல்லியமாகக் கணிக்க அந்த வடிவம் உதவுகிறது. உயரமான வேட்டை விலங்குகளுக்கு அந்தத் தேவை குறைவு. பூனைக் குடும்பத்தின் பெரியண்ணன் புலியின் கண்பாவை நம்முடையதைப் போல வட்டமே. அடுத்த முறை உயிரியல் பூங்கா போனால் கவனியுங்கள்.

வீட்டுப் பூனை வெயிலில் இருக்கும்போதும் நிழலுக்கு வந்த பிறகும் அதன் கண்ணைப் பாருங்கள். நோட்டில் வரையுங்கள். அதற்காக டார்ச் அடித்துப் பார்ப்பது வேண்டாம். கண் கூசும், பயந்து பிறாண்டிவிடும்.

வெப்பம் வரைந்த ஓவியம்

கறுப்பும் வெள்ளையும் கலந்த பூனை உங்கள் தெருவில் இருக்கிறதா? அது வெயிலில் கால் மணி நேரம் படுத்தபின், அது அனுமதித்தால், முதுகில் கறுப்பு இடத்தையும் வெள்ளை இடத்தையும் தொட்டுப் பாருங்கள். கறுப்பு அதிகமாகச் சுடும். கறுப்பு நிறம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது, வெள்ளை திருப்பி அனுப்பிவிடுகிறது. பூனை இல்லாதவர்கள் ஒரு கறுப்புத் தாளையும் ஒரு வெள்ளைத் தாளையும் வெயிலில் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரே அளவு ஐஸ்கட்டி வைத்துப் பாருங்கள். எது முதலில் உருகுகிறது?

வெப்பம் நிறத்தையே மாற்றும் பூனையும் உண்டு. சயாமீஸ் பூனைக்குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்ட முழு வெள்ளை. வளர வளர மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கருமையாகும். முடிக்கு நிறம் தரும் நொதி அந்தப் பூனையில் குளிர்ந்த இடங்களில் மட்டுமே வேலை செய்கிறது. தாயின் வயிற்றுக்குள் எங்கும் ஒரே கதகதப்பு, ஆகவே வெள்ளை. வெளியே வந்ததும் உடம்பின் ஓரங்கள் குளிர்ந்துவிடும். அங்கெல்லாம் நிறம் ஏறும். எந்த இடம் எவ்வளவு குளிர்ச்சி என்று காட்டும் வரைபடத்தை உடம்பிலேயே சுமக்கும் பூனை அது.

இந்த நாட்களில் பாயிலும் துணியிலும் பூனை முடி அதிகம் ஒட்டுகிறதா? குளிர்காலத்து அடர்முடியைப் பூனைகள் இளவேனிலில் உதிர்க்கும். இதற்கு முக்கியமான சமிக்ஞை வெப்பம் அல்ல, பகலின் நீளம். லண்டனில் டிசம்பரில் பகல் 8 மணி நேரம், ஜூனில் பதினாறரை மணி நேரம். அங்கே பூனை முடி உதிர்வது ஒரு பெரிய திருவிழாவாகவே நடக்கும். சென்னையில் மிகக் குட்டையான பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் நம் பூனைகளுக்கு இந்த மாற்றம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. தினம் ஒரு முறை சீவிவிட்டால் நாக்கால் நக்கி விழுங்கும் முடியும் குறையும்.

வெயில் மிஞ்சினால்

காலை பத்து மணிக்கு மேல் கணக்கு தலைகீழாகும். சூடு போதும் என்றதும் பூனை தானே நிழலுக்குப் போகும். நமக்கு உடம்பு முழுக்க வியர்வைச் சுரப்பிகள் இருப்பதுபோல் பூனைக்கு இல்லை. பாதங்களின் அடியில்தான் அதற்கு வியர்க்கும். அது போதாது.

அதற்குப் பதிலாகப் பூனை நாக்கைப் பயன்படுத்துகிறது. பூனை உங்கள் கையை நக்கினால் உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருக்கும் அல்லவா? நாக்கில் சுமார் 300 குட்டி முட்கள் இருக்கின்றன. 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகிய இருவரும் அந்த முட்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் குழிந்த கரண்டி வடிவத்தில் இருந்தது. எச்சிலை அந்தக் குழியில் அள்ளி, அடர்ந்த முடியைத் தாண்டித் தோல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது நாக்கு. எச்சில் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அழகுபடுத்திக்கொள்வதாக நாம் நினைப்பதில் ஒரு பங்கு, உடம்பை ஆற்றும் வேலை.

பூனை நாய்போல வாய் திறந்து மூச்சு வாங்கினால் விளையாட்டாக எண்ணாதீர்கள். அதன் உடம்பு தாங்க முடியாத சூட்டில் இருக்கிறது என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, பெரியவர்களிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நண்பகலில் மொட்டை மாடித் தரை பூனையின் பாதத்தையும் சுடும். நிறுத்திய காருக்குள் எந்த விலங்கையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

வெள்ளைப் பூனைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். காது நுனியிலும் மூக்கிலும் முடி குறைவு, நிறமியும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கடும் வெயில் பட்டால் அங்கே தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பூனைகளைவிட அதிகம். காதில் ஆறாத புண் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காலை வெயில் போதும், உச்சி வெயில் வேண்டாம்.

தோட்டத்துக்குள் போகலாமா?

வெளியே கிளம்பும் முன் ஒரு கேள்வி. உங்கள் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? வெளியில் சுற்றும் பூனைக்கு அது கட்டாயம் வேண்டும். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

தோட்டத்தில் குப்பைமேனிச் செடி இருக்கும். தானாக முளைக்கும் களை. பூனைவணங்கி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை ஓடி வந்து முகத்தைத் தேய்க்கும், புரளும், சொக்கிப்போகும். மேல்நாடுகளில் பூனைப்புதினா என்ற செடிக்கும், ஜப்பானில் மடடாபி என்ற கொடிக்கும் பூனைகள் இப்படியே மயங்குகின்றன. அந்தச் செடிகளிலும் குப்பைமேனி வேரிலும் ஒரே குடும்பத்து வேதிப்பொருட்கள் இருக்கின்றன. வெறும் போதைக்காகவா பூனை புரள்கிறது? 2021இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். மடடாபி இலையில் புரண்ட பூனைகளின்மேல் கொசுக்கள் குறைவாகவே உட்கார்ந்தன!

எல்லாச் செடியும் நல்லதல்ல. நம் மாநில மலரான செங்காந்தள் முழுவதும் நஞ்சு. அதன் கிழங்கு மனிதருக்கே ஆபத்து. தொட்டியில் வளர்க்கும் லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பூனை புல்லை மென்றால் மட்டும் பதறாதீர்கள். பெரும்பாலான பூனைகள் நன்றாக இருக்கும்போதே புல் தின்கின்றன.

இன்னொரு பக்கத்தையும் யோசிப்போம். இதே நாட்களில்தான் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் கூடு கட்டுகின்றன. பறக்கப் பழகும் குஞ்சு தரையில் தத்தித் தத்திப் போகும். பூனைக்கு அது விளையாட்டுப் பொருள். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் 5 முதல் 10 நிமிடம் கூட விளையாடியபோது 25 சதவீதம் குறைந்தது. கயிற்றில் இறகு கட்டி இழுத்து விளையாடுங்கள். பூனையின் வேட்டை ஆசையும் தீரும், குஞ்சும் பிழைக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பூனையை வெளியே விடுவது இன்னும் நல்லது.

உங்களுக்கு மூன்று கேள்விகள்

1. ஒரு கறுப்புப் பூனையும் ஒரு வெள்ளைப் பூனையும் ஒரே நேரத்தில் வெயிலுக்கு வருகின்றன. எது முதலில் நிழலுக்குத் திரும்பும்? எதற்குக் காதில் அதிக ஆபத்து?

2. இரண்டு விடையும் ஒரே பூனை இல்லையே, ஏன்?

3. உங்கள் பூனை சுருண்டு படுத்த நேரம், நீட்டிப் படுத்த நேரம், மல்லாந்த நேரம் மூன்றையும் ஒரு வாரம் குறியுங்கள். பக்கத்தில் அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள். அடுத்த வாரம், வெப்பமானியைப் பார்க்காமல், பூனையை மட்டும் பார்த்து வெப்பநிலையைச் சொல்ல முயலுங்கள். எத்தனை டிகிரி தவறினீர்கள்?

காரணம் எழுதாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான். பூனையிடம் கேட்டு எழுதலாம், தடையில்லை.